வீங்காத காகிதப் பூசணி

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் தடை போட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலரும், இல்லை, பிஞ்சுக் குழந்தைகளுக்குப் பேய் செய்யக் கற்றுக்கொடுத்ததுதான் காரணம் என்று சிலரும் இன்றைக்கும் லிஃப்டுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை, ஏனென்றால் காரணம் தெரிந்துகொண்டதால் ஒரு குடும்பம் நன்றாக இருந்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

தடைக்கு ஒரு நியாயம் இருந்தது. முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பால் வாங்கக் கிளம்பிய சங்கத் தலைவர் நாச்சிமுத்துவின் ஸ்கூட்டர், யாரோ கண்ணேறு கழித்துக் கேட் முன்னால் உடைத்துப் போட்டிருந்த சாம்பல் பூசணியின் மேல் ஏறி, குங்குமச் சேற்றோடு அவரையும் சாக்கடைவரை இழுத்துக்கொண்டு போனது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அவர் படுத்திருந்த மாதங்களில் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்ததுதான் அந்தத் தடை. கோயம்புத்தூருக்கு வடக்கே, முன்பு சோளக்காடாக இருந்த இடத்தில் மூன்று கட்டடங்களாக நிற்கும் எங்கள் குடியிருப்பு, முதல்முறையாகப் பூசணி உடைக்காமல் ஒரு ஆயுத பூஜையைக் கழித்தது. வாய்விட்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்று சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த வாரம் புது ஃப்ரிட்ஜ் வாங்கிய வீட்டுக்காரி அதைப் போர்வையால் மூடித்தான் மேலே கொண்டுபோனாள்.

சி கட்டடத்தின் தரைத்தளத்தில் மழலையர் பள்ளி நடத்தியவர் கோதைநாயகி. எல்லோருக்கும் அவர் கோதை மிஸ். நாற்பத்தைந்தைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பொள்ளாச்சிப் பக்கத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்து முடித்துவிட்டு, ஒரு பெட்டி நிறையக் க்ரேயானோடு எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஹாலோவீன் என்கிற அந்த வெளிநாட்டுப் பேய்த் திருநாள் அவருடைய யோசனை இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் முதலில் அந்தப் பேச்சை எடுத்தவள் இரண்டாம் மாடி வினோதினி.

"மெயின் ரோட்டு ஸ்கூல்ல கொழந்தைங்க பேய், வௌவாலுன்னு எத்தன அழகா செஞ்சு கொண்டு வருதுங்க. நம்ம கொழந்தைங்க மட்டும் வருஷம் பூராவும் பட்டாம்பூச்சி ஒட்டீட்டே இருக்கறதுங்களா மிஸ்?" என்று அவள் குரல் செய்தி அனுப்பினாள். அதற்குக் கீழே கட்டைவிரல்கள் குவிந்தன.

வேஷம் போட்டால் குழந்தைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று பயந்து அழும் என்று தெரிந்த கோதை மிஸ் கைவேலையோடு நிறுத்திக்கொண்டார். காகிதத் தட்டில் பஞ்சை ஒட்டிப் பேய். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்க்குக் கறுப்பு பூசி, இரண்டு சிறகு ஒட்டி வௌவால். கடைசியாகப் பூசணி: ஆரஞ்சு சார்ட் பேப்பரை விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக அவரே வெட்டிக் கொடுத்தார், ஏனென்றால் மூன்று வயதுக் கையில் கத்திரிக்கோலைக் கொடுக்கிறவர் மிஸ் இல்லை, எமன். பட்டைகளின் நுனிகளை மேலேயும் கீழேயும் சேர்த்துப் பசை போட்டு அழுத்தினால் அவை வளைந்து உருண்டு உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பூசணி ஆகும். அதற்கு ஒரு பச்சைக் காம்பு, கறுப்புக் காகிதத்தில் கண், பல். குழந்தைகள் கண்ணைத் தாடையிலும் பல்லை நெற்றியிலும் ஒட்டின. அந்த முகங்களைப் பார்த்து நிஜப் பேயே திரும்பிப் போயிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் மகிழன் என்று ஒரு பையன். நான்கு வயது ஆகப்போகிறது, ஒரு வார்த்தை வரவில்லை. காது கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சுப் பயிற்சிக்கும் போய்வருகிறான். பேச்சு மட்டும் வாசல்வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பட்டைகளை அழுத்திப் பிடித்திருக்கும்போது அவனுடைய உதடுகள் இரண்டும் கூடி, ஒட்டி, மெல்லப் பிரிவதைக் கோதை மிஸ் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். சாயங்காலம் அவனை அழைத்துப்போக வந்த அம்மா தாரணியிடம் சொன்னார்.

"உதடு கூடுது தாரணி. ஏதோ சொல்லப் பாக்கறான். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, கண்டிப்பா பேசீருவான்."

இந்தக் 'கொஞ்ச நாளை' தாரணி டாக்டரிடமும் ஜோசியரிடமும் மாமியாரிடமும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தாள். "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வழியெல்லாம் 'டிவிங்கிள் டிவிங்கிள்' பாடிக்கொண்டு முன்னால் நடந்த வினோதினியின் மகள் நிலானியையே பார்த்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

குழந்தைகள் கொண்டுவந்த பூசணிகளை அலமாரியில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கண்ணேறு கழிக்காமல் பயந்து பயந்து இருந்த வீடுகளுக்குள் கோரமான முகத்தோடு ஒரு பூசணி வந்து நின்றால் எங்கள் ஊர்க்காரர்கள் அதை என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். கறுப்புக் கயிறு கட்டி, எலுமிச்சையும் மிளகாயும் படிகாரமும் கோத்து, நிலைப்படிக்கு மேலே முகம் வெளியே பார்க்கத் தொங்கவிட்டார்கள். பள்ளிக்குப் போகும் பிஞ்சுகள் இல்லாத வீட்டுக்காரர்களும் மிஸ்ஸிடம் ஆளுக்கொன்று கேட்டு வாங்கி மாட்டினார்கள். திருஷ்டி பொம்மைக்குக் கற்பூரம் காட்டுவதுபோல் கற்பூரமும் காட்டினார்கள். கோதை மிஸ்ஸும் மாதிரிக்காகத் தான் செய்த பூசணியை அழகுக்காகப் பள்ளி வாசலில் தொங்கவிட்டிருந்தார். அந்த வழியாகக் கற்பூரத் தட்டோடு போன தலைவர் மனைவி ருக்குமணி அக்கா, பாவம் இது மட்டும் என்ன பண்ணியது என்று அதற்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போனார்.

முதலில் வீங்கியது வினோதினி வீட்டுப் பூசணி. நிலானி முழுப் பாட்டையும் தப்பில்லாமல் பாடி, அவள் அம்மா அதைக் குழுவில் போட்ட மறுநாள் காலை, பட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் மூடி, காகிதம் புடைத்து, கயிறு இறுகி நின்றது. அடுத்தது புதுக் கார் வாங்கிய வீடு. அடுத்தது மகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்த வீடு. வினோதினி வீட்டுக் கயிறு ஒருநாள் பாரம் தாங்காமல் அறுந்து பூசணி தொப்பென்று விழுந்தபோது, சார்ட் பேப்பருக்குள்ளிருந்து மஞ்சள் சதையும் விதையுமாக, நாங்கள் அரசாணிக்காய் என்று சொல்கிற நிஜப் பரங்கிக்காய் சிதறியது. வினோதினி தரையைத் துடைத்துவிட்டு, குழந்தை அழுகிறது, வேறொன்று ஒட்டிக் கொடுங்கள் என்று மிஸ்ஸுக்கு ஆள் அனுப்பினாள். ஒரு துண்டை எடுத்துப்போய் ருக்குமணி அக்கா பொரியல் செய்தார். ருசியில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அதைச் சாப்பிட்ட நாச்சிமுத்துவுக்கு அன்று முழுவதும் எதிர்வீட்டுக் காரின் மேலேயே நினைப்பாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைச் சாப்பிடவில்லை.

விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பார்க்கிறவர் மனசில் 'நமக்கு இல்லையே' என்று ஒரு துளி ஊறினால் போதும், அந்த வாசல் பூசணி ஒரு சுற்றுப் பெருத்தது. இதற்கு எங்கள் குடியிருப்பு ஆச்சரியப்படவில்லை. பூசணி தன் வேலையைச் செய்கிறது என்றுதான் நினைத்தார்கள். ஆச்சரியம் வராத இடத்தில் பெருமை வந்தது. பூசணி பெருத்த வீட்டுக்காரர்கள் லிஃப்டில் "ரெண்டு கயிறு போட்டும் நிக்கமாட்டீங்குதுங்க" என்று சலித்துக்கொண்டார்கள். வீங்காத வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து படியிறங்கினார்கள். ஒருவர் தன் வீட்டுப் பூசணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்; முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஊரில் அவர் பூசணிக்குள் பேப்பரை மறைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெருமைக்குப் பின்னாலேயே சந்தேகம் வந்தது. வீங்குகிறது சரி, யார் கண்? ஒருவர் வாசலை ஒருவர் தாண்டும்போது கதவுத் துவாரத்தில் ஒரு கண் ஒட்டிக்கொண்டது. குழந்தையைப் பார்த்து "அழகா இருக்கா" என்றவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வராந்தாவில் நடப்பவர்கள் தரையைப் பார்த்து நடந்தார்கள். லிஃப்டில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். கண் வைத்தவரின் காலடி மண்ணை எடுத்து உப்பு மிளகாயோடு சுற்றி நெருப்பில் போடுவது வழக்கம். ஆனால் மூலைமுடுக்கெல்லாம் டைல்ஸ் பதித்த கட்டடத்தில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? அதனால் சந்தேகப்பட்டவர் வீட்டு மிதியடியை ஆள் இல்லாத நேரத்தில் உதறினார்கள், வாசலில் விட்ட செருப்பின் அடியைச் சுரண்டினார்கள். எங்கள் குடியிருப்பின் செருப்புகள் அந்த மாதத்தில் இருந்த சுத்தத்துக்கு அவற்றைக் கோயிலுக்குள்ளேயே போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

எல்லோர் வீட்டையும்விடப் பெரிதாக வீங்கியது தாரணி வீட்டுப் பூசணி. இதுதான் யாருக்கும் விளங்கவில்லை. புதுக் கார் இல்லை, கனடா இல்லை. பேசாத பிள்ளை இருக்கிற வீட்டின்மேல் யாருக்கு என்ன பொறாமை? தினமும் விடியும்போது அது இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. கதவை முழுதாகத் திறக்க முடியாமல் தாரணி ஒருக்களித்து வெளியே வந்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து சண்ட போடற என்ற மாமியாளுக்குக்கூட இத்தன பெரிய கண்ணு கெடையாதுங்க" என்று அவள் ருக்குமணி அக்காவிடம் அழுதாள்.

"அந்தப் பையனையே தெனமும் உத்து உத்துப் பாக்கறது யாரு?" என்று ருக்குமணி அக்கா கேட்டார். "உதட்டப் பாத்தேன், உதட்டப் பாத்தேன்னு சொல்றது யாரு?"

தாரணி அழுகையை நிறுத்தினாள்.

மிச்சமிருந்த வாசல்களிலும் கொஞ்சமாவது வீங்கி முடித்த அப்புறம்தான் இன்னொன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. குடியிருப்பு முழுக்க வீங்காமல், கட்டிய நாளில் இருந்த மாதிரியே, உள்ளே வெளிச்சம் தெரியத் தொங்கிய பூசணி ஒன்றே ஒன்று. அது கோதை மிஸ்ஸின் பள்ளி வாசலில் தொங்கியது.

சங்கம் கூடியது. "எல்லார் வாசல்லயும் வீங்குது, அவிய வாசல்ல மட்டும் வீங்கலீன்னா என்ன அர்த்தமுங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார். "கண்ணு வெக்கறவங்களுக்கு எப்படீங்க கண்ணு படும்?" அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவருக்கு வெளுத்ததும் பேயாகத் தெரிந்தது. கல்யாணமாகாதவர், குழந்தையில்லாதவர், பிறத்தியார் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். ஹாலோவீன் கேட்டது யார் என்ற பேச்சே வரவில்லை. வினோதினி அப்போது தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோதை மிஸ்ஸைப் பார்த்துப் பொறாமைப்பட எங்கள் யாருக்கும் அவரிடம் எதுவுமே தென்பட்டதில்லை, அதனால்தான் அந்தப் பூசணி காற்றாக இருக்கிறது என்கிற சின்ன விஷயம் அத்தனை படித்தவர்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. எட்டியிருந்தால் வெட்கமாகப் போயிருக்கும். அதற்குச் சந்தேகமே தேவலை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பள்ளியைக் காலி செய்யச் சொன்னார்கள். கோதை மிஸ் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த ஒரு பருவம் மட்டும் விடுங்க. அப்பறம் நானே போயர்றேன். மகிழன் பேசற நேரமுங்க இது. இப்பப் போயி எடத்த மாத்தி, ஆள மாத்துனா, வந்தது திரும்பி உள்ள போயிருமுங்க. அவன் பேசற வரைக்கும் விடுங்க, போதும்."

"அவன் வாயக் கட்டுனதே நீங்கதான்!" தாரணி எழுந்துவிட்டாள். "என்ற வாசல்ல தொங்கறதப் பாருங்க! நெதமும் அவன் மூஞ்சியவே பாத்துப் பாத்து, நமக்கு இப்படி ஒண்ணு இல்லையேன்னு பெருமூச்சு உட்டு உட்டு... எம்பையன் பேசாமப் போனாலும் பரவால்ல. உங்க கண்ணுல இனி அவன் படவேண்டாம்."

கோதை மிஸ் அவளைப் பார்த்தார். பிறகு, பார்ப்பதே குற்றமாகிவிட்டது நினைவு வந்தது போல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த நேரத்தில் நாச்சிமுத்துவின் இன்னொரு பக்க இடுப்பையும் உடைக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை, என் வீட்டுப் பூசணியும் அப்போது கொஞ்சம் பெருத்துத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி வாசலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். வழியனுப்ப வந்தார்கள் என்று சொன்னால் பொய்; எதையாவது வைத்துவிட்டுப் போகிறாரா, எதையாவது எடுத்துக்கொண்டு போகிறாரா என்று பார்க்க வந்தார்கள். குட்டி நாற்காலிகளும் பஞ்சுப் பேய்களும் மினி வேனில் ஏறின. குழந்தைகள் அம்மாக்களின் கையில் மாட்டிக்கொண்டு நின்றன. தாரணி மகிழனின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள், மிஸ் கண்ணில் அவன் பட்டுவிடக் கூடாதே என்று. கடைசியாகக் கோதை மிஸ் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசலில் தொங்கிய பூசணியின் கயிற்றை அவிழ்க்கக் கையைத் தூக்கினார்.

அம்மாவின் கைக்கு அடியில் புகுந்து மகிழன் ஓடினான். ஸ்டூல் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். உதடுகள் கூடின, ஒட்டின, பிரிந்தன.

"மிஸ்."

வேன் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பையன் இன்னொரு தடவை, இப்போது உரக்க, பிடிவாதமாகக் கூப்பிட்டான். "மிஸ்!"

முதல் வார்த்தை. நான்கு வருஷமாக ஒரு பெண் தூங்காமல், தின்னாமல், கோயில் கோயிலாகக் கும்பிட்டுக் காத்துக்கொண்டிருந்த வார்த்தை வந்துவிட்டது, வந்த வார்த்தை 'அம்மா' இல்லை. எல்லோரும் மகிழனைப் பார்த்துக்கொண்டிருக்க, தாரணி மட்டும் கோதை மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள்.

கயிறு கைக்குள் கனத்து இறங்குவது கோதை மிஸ்ஸுக்குத்தான் முதலில் தெரிந்தது. பிறகு எங்களுக்கும் தெரிந்தது. காற்றாக இருந்த அந்தப் பூசணி எல்லோர் கண் முன்னாலும், பட்டப்பகலில், புடைத்து, உருண்டு, கறுப்புக் கண்களும் பல்லும் தெறித்து விழ, அண்டா அளவுக்கு வீங்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு படியில் விழுந்து பிளந்தது. விதைகள் நாச்சிமுத்துவின் வேட்டி வரைக்கும் சிதறின.

எல்லோர் பார்வையும் பூசணியிலிருந்து தாரணிக்குப் போனது. "அப்ப அந்தக் கண்ணு..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். "அவ வாசல்ல வீங்குனதும் அவ கண்ணுதானா? பெத்தவ கண்ணு பொல்லாத கண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? பையனப் பாத்துப் பாத்து, பேசலையேன்னு அவ உட்ட பெருமூச்சு..." ருக்குமணி அக்கா சத்தமில்லாமல் குனிந்து தாரணியின் செருப்புக்குப் பக்கத்தில் விரலால் தரையைத் தடவினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சந்தேகம் வீடு மாறிவிட்டது.

தாரணி இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அவனக் கூட்டீட்டுப் போயிருங்க" என்றாள். "நான் பாக்கமாட்டேன். இனி அவன நான் பாக்கவே மாட்டேன் மிஸ். என்ற கண்ணேதான், என்ற கண்ணேதான் அவன..."

கோதை மிஸ் ஸ்டூலிலிருந்து இறங்கினார். ருக்குமணி அக்காவின் விரல் போய்க்கொண்டிருந்த இடத்தில் தன் காலை வைத்து மிதித்து நின்றார்; அக்கா கையை இழுத்துக்கொண்டார். பிறகு தாரணியின் முன்னால் உட்கார்ந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பசை காயுமுன் ஒட்டிக்கொண்ட குழந்தை விரல்களைப் பிரித்துப் பழகிய கை அது.

"கண்ணெடுத்துப் பாருங்க. பிள்ளை பேசியிருக்கான், பெத்தவ பாக்காம யார் பாக்கறது?"

"கண்ணு பட்டுருமுங்க மிஸ்."

"பட்டாப் படட்டும் தாரணி. பாருங்க."

அவள் பார்த்தாள். மகிழன் அம்மாவின் ஈரமான முகத்தைத் தொட்டுப் பார்த்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அம்மாவுக்கென்று தனியாக ஒன்று எடுத்து வைக்க அவனுக்குத் தெரியாது. உதடுகளைக் கூட்டி, நன்றாக ஒட்டி, அவளைப் பார்த்து அதையே சொன்னான்.

"மிஸ்."

"என்ன சாமி?" என்றாள் தாரணி.